கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா மக்கள் பிரதிநிதிகளுக்கு, எல்லைத் தமிழர்கள் சார்பாக

வணக்கம். சுதந்திர தினமும் குடியரசு தினமும் வந்தால் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நீங்கள் ஒரே மாதிரிதான் பேசுகிறீர்கள்: ஒற்றுமை, சகோதரத்துவம், நாட்டின் வளர்ச்சி. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர், மானிய விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது படித்துச் சொல்ல மாட்டார்களா என்று அலைகிறாரே, அவருக்கு இந்த சகோதரத்துவம் எந்தக் கவுண்டரில் கிடைக்கும்?

புதிதாக எதையும் கேட்கவில்லை. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது: தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், அவர்கள் அதிகம் வாழும் பகுதியில் உள்ளூர் அலுவலகத்துக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அதற்கு முன்பே, 1956-இல் மாநிலங்களைப் பிரித்த கையோடு அரசியலமைப்பில் 350ஏ பிரிவைச் சேர்த்து, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க வழிசெய்யச் சொன்னார்கள். கோடு போட்டால் சிலர் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

மலையாளத்தோடு எங்களுக்கு வம்பில்லை. பாதி வீடுகளில் சண்டையே இரண்டையும் கலந்துதான் நடக்கிறது.

வளர்ச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். தமிழ்நாடும் கேரளமும் போட்டுக்கொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஆற்றுநீர் ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் நமக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். குறைந்தால், எழுதிக்கொடுத்ததைத் தமிழ்நாடு மதிக்கவில்லை என்று முதலில் குரல் கொடுப்பது நீங்கள்தான், அதில் நியாயமும் இருக்கிறது, காய்வது எங்கள் வயலும்தானே. அப்புறம் அதே நியாயம் உங்கள் அலுவலக மேசைக்கு மட்டும் ஏன் பொருந்தாது? எழுதிக்கொடுத்தது நடக்கும் என்று நம்பினால்தான் ஒருவன் கடன் வாங்கி நாற்று நடுவான், மனு போடுவான், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்ப்பான். அறிவிப்பு புரியாமலே கடைசித் தேதி போய்விட்டால், திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

சரி, கேட்பது இவ்வளவுதான். பஞ்சாயத்து, வில்லேஜ் ஆபீஸ், கிருஷி பவன் (வேளாண்மை அலுவலகம்) மூன்றிலும் தமிழ் விண்ணப்பம் வையுங்கள், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். முடியாது என்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து காரணம் சொல்லுங்கள். மலையாளத்திலேயே சொல்லலாம், எங்களுக்குப் புரியும்.