கோவை பம்பு கம்பெனி முதலாளிகளுக்கு: பழைய நம்பரை சரண்டர் செய்துவிடாதீர்கள்

வணக்கமுங்க.

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று உங்கள் கம்பெனி எங்கே இருந்தாலும், ஆபீஸ் மூலையில் தொங்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியை, அதாவது வெளி லைன்களை உள்ளே இருக்கும் எக்ஸ்டென்ஷன் போன்களோடு இணைக்கும் பெட்டியை, ஒருமுறையாவது நான் திறந்து பார்த்திருப்பேன். 26 வருடமாக இதுதான் பிழைப்பு. இப்போது போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு: “எல்லாத்தையும் நெட் போனுக்கு மாத்திடலாம்னு இருக்கோம்.”

மாற்றுங்கள். மழைக்கு மழை கேபிளில் தண்ணீர் இறங்குகிறது, ஜாயின்ட் போட ஆள் கிடைப்பதில்லை, பழைய பெட்டிக்கு கார்டு தேடி நானே அலைகிறேன். நெட் வழியாகப் பேசும் இந்த ஐபி போன் மாட்டுவதிலும் எனக்குக் காசு வரத்தான் செய்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் கொட்டேஷனில் இல்லாத சில விஷயங்களைக் கையெழுத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

முதலில் உங்கள் நம்பர். 0422இல் தொடங்கும் அந்த எண்ணை மோட்டாரின் நேம்பிளேட்டில் போட்டிருக்கிறீர்கள், அட்டைப்பெட்டியில், வாரண்டி கார்டில் அச்சடித்திருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு முன்னால் விற்ற மோட்டார் இன்றைக்கும் ராஜஸ்தானில் ஏதோ ஒரு கிணற்று மேட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் அந்த விவசாயி உங்கள் வெப்சைட்டைத் தேடப் போவதில்லை. தகட்டைத் துடைத்துப் பார்த்து நம்பரைப் போடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் புது இணைப்பு வந்த வாரமே பழைய நான்கு லைன்களையும் சரண்டர் செய்துவிட்டார்கள். டெபாசிட் பணம் திரும்ப வரும் என்று அக்கவுண்ட்ஸில் யாரோ சொன்னார்களாம். வந்த பணம் சில ஆயிரம். போன நம்பர் திரும்பவே இல்லை. மொபைலில் நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 முதல் நாடு முழுக்க இருக்கிறது. அந்த நினைப்பில் செய்துவிட்டார்கள். தரைவழி எண்ணுக்கு அந்த வசதி நம் நாட்டில் கிடையாது. வேறு நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்க், அதாவது நெட் வழியாக வரும் போன் லைன், வாங்கினால் புது எண்தான் வரும்.

அதனால் நேம்பிளேட்டில் உள்ள ஒரு லைனையாவது குறைந்த வாடகைத் திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்வே என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பழைய லைனை அதில் செருகினால் அழைப்பு புது சிஸ்டத்துக்குள் வந்துவிடும். லைனே செத்துப்போகும் நிலையா? அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு அதே எண்ணோடு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். “தருவோம்” என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது கரண்ட். பழைய போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே செப்புக் கம்பி வழியாக வந்தது. உங்கள் இபிஏபிஎக்ஸ் அணைந்தாலும் ஒரு லைன் நேராக ஒரு போனுக்குத் தாவுகிற மாதிரி நாங்கள் கட்டி வைத்திருப்போம். கரண்ட் போன நேரத்திலும் செக்யூரிட்டி அறையில் மணி அடித்த ரகசியம் அதுதான். ஐபி போனுக்கு இப்படி வெளியிலிருந்து உயிர் கொடுக்க யாரும் இல்லை. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச், போன் என்று நாலும் உங்கள் மின்சாரத்தில்தான் ஓட வேண்டும். ஒன்று அணைந்தாலும் எல்லாம் ஊமை. மாதாந்திர ஷட்டவுன் அன்று மெஷின்களுக்கு ஜெனரேட்டர் ஓடும், சரி. அந்த சுவிட்ச் எந்த பிளக்கில் இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? ஜெனரேட்டர் எடுக்கும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடியில் எல்லாம் அணைந்து, திரும்பப் பதிவாகி டோன் வரச் சில நிமிடம்கூட ஆகலாம். இந்த நாலுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் கணக்கில் வராத கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள்.

நெட் வேகத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதில் பெரிய பிரச்சினை இல்லை. நல்ல தரத்தில் ஒரு அழைப்புக்குப் போக, வர தலா 90 கிலோபிட் இருந்தால் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ்-க்குள் அடங்கிவிடும். கெடுப்பது தாமதம். நீங்கள் பேசியது எதிராளி காதில் விழ 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. டிசைன் செக்ஷனில் ஒருவர் பெரிய டிராயிங் ஃபைலை அனுப்பும்போது, பதினாறு கேமராவும் கிளவுடில் ஏறிக்கொண்டிருந்தால், குரல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி உடையும். நெட்வொர்க்கில் குரலுக்குத் தனிப் பாதை ஒதுக்கி முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள். செய்கிறேன் என்பார்கள். செய்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

தூரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஃபவுண்டரி பின்பக்கம், கேட் முன்பக்கம். போன் வயர் கிலோமீட்டர் கணக்கில் போகும், லேன் கேபிள் 100 மீட்டரோடு சரி. அதைத் தாண்டினால் ஃபைபர் இழுக்க வேண்டும், நடுவில் இன்னொரு சுவிட்ச் வைக்க வேண்டும், அதற்கும் கரண்ட் வேண்டும். என்னைக் கேட்டால் ஃபவுண்டரி, ஸ்டோர்ஸ், கேட் போன்களைப் பழைய வயரிலேயே விட்டு கேட்வே வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். லிஃப்டுக்குள் இருக்கும் போன், தீ அலாரம், ஃபேக்ஸ் இவையெல்லாம் எந்த லைனில் தொங்குகின்றன என்பதையும் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியில் கம்பியைப் பிடுங்கிய பிறகுதான் தீ அலாரம் அதில் இருந்தது தெரிந்தது.

ஆபரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. “ஹிந்திக்கு 2 அழுத்தவும்” என்று மெஷின் பேசும், ஆள் வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். உங்கள் ஆபரேட்டர் அக்கா டீலரைக் குரலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வந்தவர் கோபமாக இருந்தால் சர்வீஸுக்குத் தராமல் நேராக உங்களுக்குத் தருகிறார். இந்த அறிவு எந்த பட்டனில் இருக்கிறது? திட்டம் போடும் மீட்டிங்கில் அவரையும் உட்கார வையுங்கள். ஒரு வாரம் நோட்டில் எந்த மணிக்கு எத்தனை அழைப்பு, அதில் எத்தனை ஒரே நேரத்தில் வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிஆர்ஐ என்று ஒரே இணைப்பில் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்பு பேச வழி, வைத்துக்கொண்டு ஆறு சேனலுக்கு மேல் பயன்படுத்தாத இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை சேனல் வாங்குவது என்பதை அந்த நோட்டுதான் சொல்லும், விற்பவர் அல்ல.

பாஸ்வேர்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைத்த ஒரு இடத்தில் தீபாவளி லீவில் எங்கிருந்தோ புகுந்து வெளிநாட்டுக்கு விடிய விடியப் பேசியிருந்தார்கள். ஐஎஸ்டி தேவையில்லாத போன்களில் அதைப் பூட்டி வையுங்கள், மாத பில்லுக்கு உச்சவரம்பு கேளுங்கள்.

அப்புறம், “லைசென்ஸ் எல்லாம் எதுக்குங்க, பாதி ரேட்டில் தர்றேன்” என்று ஒருவர் வருவார். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். உரிமம் இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்துபவருக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் சிம் வழியாகத் திருட்டுத்தனமாகத் திருப்பிவிடும் சிம் பாக்ஸ் வழக்கில் உங்கள் கம்பெனி முகவரி எதற்கு?

கடைசியாக ஒரு வேண்டுகோள். டெமோ காட்டுகிறேன் என்பவரை அடுத்த ஷட்டவுன் தேதியில் வரச் சொல்லுங்கள். வந்து உட்கார்ந்ததும் ஜெனரேட்டரையும் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் மொபைலிலிருந்து நேம்பிளேட்டில் இருக்கிற அந்த 0422 நம்பரைப் போடுங்கள். ஆபரேட்டர் மேஜையில் மணி அடித்தால் கையெழுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் எக்ஸ்டென்ஷன்களுக்கு வயர் இழுத்தவன்