பழையாறைக்கு ஒரு முழுப் பகல்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை, சுற்றுலாத் துறை ஆகியவற்றின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்கு வருவோரில் பலர், காலையில் தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலைக் கண்டு, பட்டீசுவரம் சென்று துர்க்கையை வணங்கிவிட்டு, அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் கடந்துசெல்லும் நிலம் முழுவதும் பழையாறை என்னும் சோழர் அரண்மனை நகரமாக இருந்தது என்பதும், பட்டீசுவரத்தை ஒட்டியே ஒரு சோழ அரசியின் பள்ளிப்படை (நினைவுக் கோயில்) நிற்கிறது என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்திகள். அந்தப் பகுதிக்கென்றே ஒரு நாளை ஒதுக்கும்படி பயணிகளை அழைக்கும் வழித்தடம் ஒன்றை வகுத்துத் தருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பள்ளிப்படையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராமநாதன் கோயில் என்று இன்று ஊரார் அழைக்கும் சிறிய கற்றளி (கற்கோயில்), முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னையும் முதலாம் இராசராசனின் தேவியருள் ஒருவருமான பஞ்சவன்மாதேவிக்காக எடுத்த பஞ்சவன்மாதேவீசுவரம் ஆகும். பழையாறான முடிகொண்ட சோழபுரத்தில் உள்ள பள்ளிப்படை என்று அதன் கல்வெட்டே அதைக் குறிக்கிறது. சோழர் பள்ளிப்படைகளில் இவ்வளவு தெளிவாகத் தம்மை அடையாளம் காட்டுபவை மிகச் சில. தன் பாட்டனார் அரிஞ்சயருக்காக இராசராசன் மேல்பாடியில் எடுத்த அரிஞ்சிகை ஈசுவரமும், தந்தை ஆதித்தனுக்காக முதலாம் பராந்தகன் காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றூரில் எடுத்த கோயிலும் அந்தச் சிலவற்றுள் அடங்கும். அவை இரண்டும் ஓர் அரசன் தன் முன்னோனுக்கு எழுப்பியவை. பெற்ற தாயல்லாத ஓர் அரசிக்கு, கங்கை வரை படை அனுப்பிய பேரரசன் கல்லால் எழுப்பிய நினைவிடம் என்ற வகையில், என் பார்வையில் இது அவற்றினும் நெஞ்சைத் தொடுவது. பள்ளிப்படை என்பது இறந்தவரின் நினைவாக இலிங்கம் நிறுவி எழுப்பப்படும் சிவன் கோயில் என்பதால், வெளித்தோற்றத்தில் அது மற்றக் கோயில்களைப் போலவே இருக்கும். கல்வெட்டின் வாசகத்தையும் அதன் பொருளையும் எளிய தமிழில் எழுதிவைத்தாலன்றி, எதிரே வந்து நிற்பவருக்கும் அது இன்னொரு பழைய கோயிலாகவே தெரியும்.

அரண்மனையைப் பொறுத்தவரை, கண்ணுக்குக் காட்ட நிமிர்ந்து நிற்கும் சுவர் எதுவும் இல்லை. ஆயினும் சோழன்மாளிகை என்று ஓர் ஊரே இருக்கிறது. சுற்றிலும் ஆரியப்படையூர், பம்பப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று படைவீடுகளின் (படைகள் தங்கிய இடங்களின்) பெயர்களைத் தாங்கிய ஊர்கள் இருக்கின்றன. இவற்றை இணைத்து ஒரு வரைபடம் வரைந்து, கீழப்பழையாறை சோமநாதர் கோயிலையும் அதில் சேர்த்து, ஒவ்வோர் ஊரின் முகப்பிலும் ஒரு தகவல் பலகை நட்டாலே, மறைந்துபோன நகரத்தின் பரப்பு நடந்து செல்பவருக்குப் புலப்படும்.

பழையாறைக்கு அருகே உள்ள உடையாளூரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. முதலாம் இராசராசனின் நினைவிடம் அங்குள்ளது என்ற நம்பிக்கையோடு மக்கள் நாள்தோறும் வருகிறார்கள், அந்த அன்பை நான் மதிக்கிறேன். சிவபாதசேகர தேவரின் திருமாளிகை முன்மண்டபம் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1112ஆம் ஆண்டளவில், புதுப்பிக்கப்பட்டதை அவ்வூர்த் தூண் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. சிவபாதசேகரன் என்பது இராசராசனின் சிறப்புப் பெயர்தான். ஆனால் அந்தத் திருமாளிகை பள்ளிப்படை என்று கல்வெட்டு கூறவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் வரை சென்ற இந்தக் கேள்விக்கு அகழாய்வின் வழியேதான் விடை காண முடியும். ஆகவே மணிமண்டபமோ சிலையோ எழுப்பும் எண்ணம் இருந்தால், மண்ணுக்கடியில் உள்ளதை முழுமையாக ஆராய்ந்து, அறிக்கையைத் தமிழில் வெளியிட்ட பின்னரே அதைச் செய்யுங்கள். அடித்தளம் தோண்டும்போது சிதையும் செங்கல் வரிசையை மீண்டும் அடுக்கி வரலாறாக்க எவராலும் இயலாது.

கல்லைக் கட்டுமானப் பொருளாக மட்டும் பார்த்ததன் விளைவை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துத் திருச்சுற்று மதிலின் கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. இன்றைய ஆபத்து வேறு வடிவில், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு வருகிறது. திருப்பணி என்ற பெயரில் தரையை உயர்த்திப் பளிங்கு பதித்தால் அதிட்டானம் என்னும் அடிப்பீடத்தின் கல்வெட்டு வரிகள் புதைந்துவிடும், மணல் வீச்சால் சுவரைத் தூய்மை செய்தால் எழுத்துகள் மழுங்கிவிடும். பழையாறையைச் சுற்றியுள்ள கோயில்கள் எந்தத் துறையின் பொறுப்பில் இருந்தாலும், திருப்பணி தொடங்கும் முன் கல்வெட்டுகள் அனைத்தையும் படியெடுத்துப் பதிவு செய்யவும், பணி நடக்கும் நாள்களில் தொல்லியல் அலுவலர் ஒருவர் உடனிருக்கவும் அறநிலையத் துறையோடு கலந்து ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன். அந்த ஆணையை வழித்தடப் பணிக்கும் முன்பாகவே பிறப்பிப்பது நல்லது.

தங்கள் உண்மையுள்ள,
சோழநாட்டு வரலாற்று ஆர்வலர் ஒருவர்