மீ கியா, மிளகாய் வேண்டாம்

பாப்பா,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து ஒரு கிண்ணம் கார்ன்ஃபிளேக்ஸில் பாலை ஊற்றிச் சாப்பிட்டால் அந்த மான்செஸ்டர் குளிருக்கு எப்படித் தாங்கும்? அம்மா குழம்பு வைக்கச் சொல்லித் தருகிறேன் என்கிறாள், ஆனால் களைத்து வருகிறவளுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டு நிற்கப் பொறுமை இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் இருபது நிமிடத்தில் முடிகிற ஒன்றைச் சொல்கிறேன், நம் சிங்கப்பூர் பக் சோர் மீ, அரைத்த பன்றி இறைச்சி போட்ட நூடுல்ஸ். குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய், அதான் எழுதுகிறேன்.

நம் புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக்கடை நூடுல்ஸ் அங்கிளை ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் நேரே அங்கேதான் போவோம். எனக்குத் தட்டையான மீ போக், மிளகாய் கூடுதல். உனக்கு மெல்லிய மீ கியா, மிளகாய் வேண்டாம், பதிலுக்குத் தக்காளி சாஸ். நாம் வரிசையில் நிற்கும்போதே அவர் கை தக்காளி சாஸ் புட்டிக்குப் போய்விடும். தியோச்சூ என்கிற சீனப் பேச்சுவழக்கில் கியா என்றால் குட்டி, பிள்ளை என்று அர்த்தமாம், அவரே ஒரு நாள் உன்னைக் காட்டிச் சொன்னார். அவர் கடையை மூடிவிட்டார் பாப்பா. வயதாகிவிட்டது, எடுத்து நடத்த வீட்டில் யாரும் வரவில்லை. 2020-இல் நம் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, ஆனால் விடியும் முன்னே எழுந்து எலும்பு சூப் வைக்க ஆள் இல்லையென்றால் பட்டியலை வைத்து என்ன செய்வது. கடைசி நாள் கூட்டம் குறைந்ததும் கேட்டேன், மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து சொல்லிக்கொடுத்தார், கிண்ணத்தில் எது எவ்வளவு ஊற்றுகிறார் என்று கரண்டியோடு காட்டினார்.

நம் வீட்டு அடுப்பில் பன்றி இறைச்சி ஏறியதே கிடையாது. அம்மாவிடம் கேட்டேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கூடாது என்று சொல்லி விட்டுவிட்டாள். அவள் சாப்பிடமாட்டாள், ஆனால் பூண்டு பொரிக்கிற வாசம் வந்தால் எட்டிப் பார்க்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பாக்கெட்டில் 'போர்க் மின்ஸ்' என்று போட்டிருக்கும். 5 சதவீதக் கொழுப்பு என்று இருப்பதை எடுக்காதே, நார் மாதிரி வறண்டுவிடும், 12 சதவீதம் உள்ளதை எடு. 500 கிராமை நாலாகப் பிரித்து மூன்றை ஃப்ரீசரில் வைத்துவிடு. மீதி ஒரு பங்கில் சோயா சாஸ் இரண்டு டீஸ்பூன், சோளமாவு (அங்கே கார்ன்ஃபிளவர் என்று இருக்கும்) ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் அரை டீஸ்பூன் (சீனக் கடையில் விற்கிற வறுத்த எள் எண்ணெய், நம்முடையது இதற்குச் சேராது), வெள்ளை மிளகுத்தூள் தாராளமாக, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், எல்லாம் போட்டு ஒரே பக்கமாகக் கிளறி வை. சோளமாவுதான் இறைச்சியின் சாறை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

அது ஊறுகிற நேரத்தில் பூண்டு மூன்று பல்லைப் பொடியாக நறுக்கி இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொரி. பொன்னிறத்துக்குக் கொஞ்சம் முன்பே அடுப்பை அணைத்துவிடு, சூட்டிலேயே நிறம் ஏறும், கருகினால் கசக்கும். இப்போது நீ சாப்பிடப்போகிற கிண்ணத்திலேயே அந்தப் பூண்டெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு டீஸ்பூன், கறுப்பு வினிகர் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை சீனி, அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய சம்பால் மிளகாய் விழுது ஒரு டீஸ்பூன் (இப்போதும் மிளகாய் வேண்டாமென்றால் தக்காளி சாஸ்). வினிகரில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. அங்கே உருளைக்கிழங்குப் பொரியலுக்கு ஊற்றுகிற மால்ட் வினிகர் வெறும் புளிப்பு. சைனாடவுனில் அரிசியில் செய்த கறுப்பு வினிகர் கிடைக்கும், அதில் புளிப்போடு ஒரு இனிப்பும் புகை வாசமும் இருக்கும். அது இல்லாமல் செய்தால் அது பக் சோர் மீயே இல்லை, நான் ஒரு தடவை செய்துபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இறைச்சியைச் சூடான சட்டியில் நேராகப் போட்டு நான் முதல் மூன்று தடவையும் கட்டி கட்டியாக்கினேன். அப்புறம்தான் அங்கிள் செய்ததன் அர்த்தம் புரிந்தது, அவர் பெரிய கரண்டியில் சூப்போடு சேர்த்துக் குச்சியால் கலைத்துவிடுவார். நீ இப்படிச் செய்: சின்னச் சட்டியில் இறைச்சியைப் போட்டு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடுப்பு பற்றவைக்கும் முன்பே நன்றாகக் கலைத்துவிடு. பிறகு நடுத்தரச் சூட்டில் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம். இளஞ்சிவப்பு எங்கேயும் தெரியக் கூடாது, அரைத்த இறைச்சியில் மேலே இருக்கிற கிருமி உள்ளே வரைக்கும் கலந்துவிடும், அதனால் இதில் அவசரம் வேண்டாம். காளான் இருந்தால் நறுக்கி அதிலேயே போட்டுக்கொள். அந்தத் தண்ணீர்தான் உன் சூப், கீழே கொட்டிவிடாதே.

நூடுல்ஸுக்குப் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வேண்டும். முட்டை நூடுல்ஸ் ஃப்ரெஷ்ஷாகக் கிடைத்தால் ஒரு நிமிடம், காய்ந்தது என்றால் பாக்கெட்டில் போட்டிருப்பதைவிட ஒரு நிமிடம் குறைத்து. எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு, மறுபடி கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு, நன்றாக உதறிக் கிண்ணத்தில் போட்டு உடனே கிளறு. அல்கலைன் தண்ணீர் (சோடா உப்பு மாதிரிக் காரம், மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்துப் பிசைகிற மாவு என்பதால் ஒரு வாடை இருக்கும், அது அலசலில் போய்விடும், நூடுல்ஸும் குழையாமல் நிற்கும். இறைச்சியை அரித்து மேலே போட்டு, அந்தச் சூப்பில் இரண்டு கரண்டி விட்டுக் கலந்து, மீதியைப் பக்கத்தில் வைத்துக் குடி.

அங்கிள் பன்றிக் கொழுப்பை உருக்கி ஊற்றுவார், தட்டைமீன் கருவாட்டைப் பொரித்து நொறுக்கித் தூவுவார். கருவாடு பொரித்தால் உன் வீட்டுத் தோழிகள் என்ன சொல்வார்களோ, அதை நீ இங்கே வரும்போது நான் செய்துதருகிறேன்.

சனிக்கிழமை உனக்கு மதியம் ஒரு மணி, எங்களுக்கு ராத்திரி ஒன்பது. அப்போது வீடியோவில் கூப்பிடு. இறைச்சியைக் கலைக்கிற இடத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூடுல்ஸ் வெந்ததும் போனை வைத்துவிட்டுச் சாப்பிடு, பேசிக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

அப்பா