'பிரேக் ஆயில்' பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தில் முக்கால்வாசி, கார் பாகங்களைத் தப்பான பெயரில் சொல்கிறவர்களை, அதிலும் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்று சொல்கிறவர்களைத் திட்டியே தீர்ந்துவிட்டது. அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடப்பா. மாற்றுச் சக்கரம் இல்லாமலே கார் விற்ற காலம் அது. 1904-இல் வேல்ஸில், லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே இறுக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர்களே மறந்துபோன பெயரை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'டிக்கி'யும் அப்படித்தான்: பழைய கார்களின் பின்னால் திறந்து உட்காரும் டிக்கி இருக்கை போய்விட்டது, பெயர் சாமான் வைக்கும் இடத்தில் தங்கிவிட்டது.

ஆல்டர்னேட்டரை 'டைனமோ' என்கிறவரிடமும் எனக்குச் சண்டை இல்லை. இரண்டும் வேறு என்பது உண்மைதான். வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெல்ல ஓடும் ஐட்லிங்கில் டைனமோ பேட்டரியைச் சரியாக சார்ஜ் செய்யாது, ஆல்டர்னேட்டர் செய்யும். ஆனால் இன்றைய காருக்கு டைனமோ என்று கேட்டாலும் கைக்கு வருவது ஆல்டர்னேட்டர்தான். சொல் தப்பு, பாகம் சரி. போகட்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது 'பிரேக் ஆயில்' என்று கேட்கும்போது. அது ஆயிலே இல்லை. டப்பாவில் தர எண்ணாக இருக்கும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகைத் திரவங்கள். ஆயில் என்று பெயர் வைத்துவிட்டால், அளவு குறையும்போது கையில் இருக்கும் இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று தோன்றத்தானே செய்யும்? பிரேக்கில் இருக்கும் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். பெடலை மிதித்ததும் திரவத்தை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள், கப் என்கிற ரப்பர் சீல் உப்பி, திரவம் திரும்பிப் போகும் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும், சக்கரம் சூடேறும், அந்தச் சூட்டில் மேலும் இறுகும். பிரேக் திரவ டப்பா மூடியின் அடியில் உள்ள ரப்பர் டயஃப்ரம் உப்பி நெளிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது பழைய திரவத்தை வெளியேற்றி பிளஷ் செய்தால் மட்டும் போதாது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல்கள், வீல் சிலிண்டர் கப்கள், ஹோஸ்கள் என்று ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போயிருந்தால் அதையும். கொஞ்சம் ஆயிலுக்கு இவ்வளவு தண்டனை.

இதற்குள்ளேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. டாட் 5-க்கும் டாட் 5.1-க்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று நினைக்கிறார்கள். டாட் 5 சிலிகான். மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஆகாது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். நீண்ட மலை இறக்கத்தில் பழைய திரவம் கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், பிரேக் இருக்காது.

அடுத்தது 'அலைன்மென்ட்', அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. ஸ்டியரிங் நடுங்குகிறது, அலைன்மென்ட் பண்ணுங்கள் என்கிறார்கள். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் குறைகிற நடுக்கம் பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு, சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாதது. ரிம்மில் சில கிராம் எடை ஒட்டினால் தீரும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அல்லது டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்தால், அது அலைன்மென்ட். அதற்கும் முன்னால் நாலு டயரிலும் காற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கும்போது, சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் டோ அளவைச் சரிசெய்வது வெட்டி வேலை, இரண்டே நாளில் கலைந்துவிடும்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரிலேயே தப்பு இருக்கிறது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் செய்வது, வாங்கிய ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அந்த ஆட்டத்தைச் சூடாக்கித் தீர்ப்பது. வண்டி பின்னால் தாழ்ந்துவிட்டது என்று ஷாக் மாற்றிவிட்டு, இன்னும் தாழ்ந்தே இருக்கிறது என்று வருந்துகிறவர்கள் எத்தனை பேர்! தாழ்ந்தால் ஸ்பிரிங், மேடு ஏறி இறங்கியபின் இரண்டு மூன்று தரம் குலுங்கினால் ஷாக். அதன் தண்டில் எண்ணெய் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்ஜின் ஆயில் டப்பாவில் இருக்கும் 15டபிள்யூ-40-இல் டபிள்யூ என்றால் எடை என்று யாராவது சொன்னால் இனிமேல் விடாதே. அது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னெண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு, பின்னெண் 100 டிகிரியில் எவ்வளவு தடிமன் என்பதற்கு.

'பவர்', 'பிக்கப்', 'இழுவை' மூன்றையும் ஒன்றாகக் குழைப்பது பற்றி நீ எழுதியது சரி. கணக்கு எளிது: டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 9549-ஆல் வகுத்தால் பவர் கிலோவாட்டில் வரும். 2000 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் தரும் டீசல் அந்த நேரத்தில் கொடுப்பது சுமார் 42 கிலோவாட். 6000-இல் 110 தரும் பெட்ரோல் இன்ஜின் கொடுப்பது 69. டீசலில் 'பவர் அதிகம்' என்று சொல்கிறவர் உணர்வது தாழ்ந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க்கை.

டர்போ லேக் பற்றிக் கேட்டிருந்தாய். இன்ஜின் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். 1200 ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில் மிதித்து வண்டி நகரவில்லை என்றால் அது லேக் இல்லை. பூஸ்ட் உண்டாகத் தேவையான அளவு புகையே அங்கே இல்லை, கியரைக் குறைக்க வேண்டும். ஆர்பிஎம் போதுமான அளவுக்கு இருந்தும், மிதித்த பிறகு டர்போவின் சுழலி (டர்பைன்) வேகமெடுக்கும்வரை ஒரு தாமதம் வருகிறதே, அதுதான் லேக். மூன்றாவது கியரில் 2500-இல் நிலையாக ஓட்டி, சட்டென்று மிதித்துப் பார், எது எது என்று காலுக்கே தெரியும்.

அன்புடன்,
முத்து