நாற்பது கையெழுத்து வேண்டிய வீடு

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் சினிமா, அரைப் பக்கம் முழங்கால் வலி. முழங்காலுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தைலத்தை விடாமல் தேய். சினிமாவுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

'மெய்யழகன்' இழுவை என்று எழுதியிருக்கிறாய். நீ மட்டுமா சொன்னாய்? 2024 செப்டம்பரில் வெளியான சில நாளிலேயே நீளம், நீளம் என்று பேச்சு வந்து சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டாமலே விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. இரண்டு ஆண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிறார்கள், அதுதானே படமே. அதில் நீளத்தைக் குறைத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களிடம் இழந்துவிட்டு 1996-ல் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பின குடும்பம். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, தங்கை முறையாகிற ஒருத்தியின் கல்யாணத்துக்காக அந்த வீட்டுப் பிள்ளை அருள்மொழி, அதாவது அரவிந்த்சாமி, நீடாமங்கலம் வருகிறார். முகத்தைக் காட்டிவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வருகிறார். அப்புறம் கார்த்தி வந்து ஒட்டிக்கொள்கிறார். 'அத்தான், அத்தான்' என்று உயிரை விடுகிற அந்த ஆள் யார், பெயர் என்ன என்று இவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். அரவிந்த்சாமி அந்தக் கூச்சத்தைச் சிரிப்பால் மூடிக்கொண்டே வருகிறார் பார், அதற்காகவே நான் மறுபடி பார்த்தேன். நம்மூர்க் கல்யாணத்தில் முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆச்சி வந்து "என்னைத் தெரியுதாப்பா?" என்று கேட்டால், "தெரியாம என்ன ஆச்சி, நல்லா இருக்கீகளா?" என்று நீ சொல்வாயே, அதே முகம்.

மேடையில் தங்கைக்கு அவர் நகை போட்டுவிடுகிற இடத்தில் என் வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அடுப்பில் ஒன்றும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கார்த்தி கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிய நல்லவர். சில இடங்களில் ஊர்ப் பெருமை பேசப் பேச, மேடைப் பேச்சு கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் அந்த சைக்கிள் விஷயம் வந்ததும் எல்லாக் குறையும் மறந்துபோனது. இவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள், இன்னொரு குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறது. போனவனுக்கு அந்த சைக்கிளின் நினைப்பே கிடையாது.

இதைப் பார்த்த கையோடு, 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தையும் போட்டுப் பார்த்தேன். நம் பக்கத்தில் எடுத்த படம்தானே, நினைவிருக்கும். ஐஸ்வர்யா ராயைப் பார்க்க எத்தனை பேர் சைக்கிளில் போனார்கள்! அந்தக் காலத்தில் நான் பாட்டைத்தான் கவனித்தேன். இப்போது வீட்டைக் கவனித்தேன். அந்தப் படத்திலும் வீடு போகிறது. தாத்தா கண்ணை மூடுகிறார், உயில் வெளியே வருகிறது, சொத்து மகன் பக்கம் போகிறது, அம்மாவாக வரும் ஸ்ரீவித்யா பெண்களைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறுகிறார். ஜேன் ஆஸ்டின் கதையைத் தழுவியது என்பதால் அது அப்படித்தான் நடக்க வேண்டும். ஒரு காகிதம், ஒரு ராத்திரி, வீடு கைமாறிவிட்டது.

நம்மூர் வீடு அப்படியா போகிறது, சொக்கு? எனக்கு இதில்தான் கொஞ்சம் ஆற்றாமை. நடு முற்றமான வளவைச் சுற்றி, இரண்டிரண்டு அறை சேர்ந்த இரட்டை வீடாக ஒவ்வொரு மகனுக்கும் கொடுத்து, அந்த மகனுடைய மகன்களுக்கும் அதே அறையில் பங்கு வைத்துப் போனார்கள் நம் ஐயாக்கள். இன்றைக்கு ஒரு வீட்டை விற்பதற்கு நாற்பது கையெழுத்து வேண்டும். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் நியூ ஜெர்சி, ஒருத்தர் பேசுவதே இல்லை. விற்கவும் முடியாது, ஓடு மாற்றவும் முடியாது. முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறோம், கூட்டிப் பெருக்கிக் கும்பிடுகிறோம், மறுபடி பூட்டுகிறோம். இடையில் மழை தன் வேலையைப் பார்க்கிறது.

நம் தெருவுக்குப் பின்னாலே ஒரு வீட்டை இப்போது பிரிக்கிறார்கள். அந்த வீட்டில் எல்லாக் கையெழுத்தும் சேர்ந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். பட்டாலை என்கிற கூடத்துத் தூண் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் நம்பர் போட்டிருக்கிறார்கள். பர்மாத் தேக்கு, அணைத்தால் என் கைக்குள் அடங்கவில்லை. ஒரு தூணைக் கயிறு கட்டி இறக்க ஆறு பேர், நடுவில் ஒருவர் "விடு, விடு, பொறு" என்று சத்தம் கொடுக்கிறார். சுவர்ப் பூச்சு மட்டும் பெயரவே மாட்டேன் என்கிறது. முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைத்த சுண்ணாம்பு, கடப்பாரை பட்டால் வழுக்குகிறது. மேஸ்திரி என்னிடம், "நிலைக்கதவு பேசி முடிச்சாச்சுங்க, முனீஸ்வரன் கோவில் தெரு பழஞ்சாமான் கடைக்குப் போகுது, ஊஞ்சப் பலகை வேணுமா?" என்றார். வீட்டில் பிறந்தவர் ஒருத்தரும் அங்கே இல்லை. இதை ஒருத்தரும் படமாக எடுக்கவில்லை. நம் வீட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் அதைப் பண்ணையார் பங்களாவாக்குகிறார்கள், அல்லது பேய் பங்களாவாக்குகிறார்கள். சுமோ நாலு வந்து வாசலில் நின்று அருவாளோடு ஆட்கள் இறங்கினால் அது செட்டிநாடு. எந்தச் செட்டியார் வீட்டில் அருவாள் இருந்தது? கணக்கு நோட்டுதான் இருந்தது.

ஆனால் ஷூட்டிங் வாடகையைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில்தான் சில வீட்டுக் கூரை நிற்கிறது. போன வருஷம் ஒரு சீரியல் கூட்டம் எங்கள் பங்காளி வீட்டு நிலையில் ஆணி அடித்துவிட்டுப் போனது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு படம். '3 பிஎச்கே'யும் 'பறந்து போ'வும் 2025 ஜூலை 4 அன்று ஒரே நாளில் வந்தவை. முதலாவதில் சரத்குமாரும் தேவயானியும் வாழ்நாள் முழுக்க ஒரு வீட்டுக்காகச் சேர்க்கிறார்கள். சேர்ந்து வரும்போதெல்லாம் படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று ஏதாவது ஒன்று வாயைத் திறக்கிறது. சித்தார்த் அடங்கி நடித்திருக்கிறார். கண்ணீரை இன்னும் கொஞ்சம் சிக்கனமாகச் செலவு செய்திருக்கலாம். ஆனால் மூன்று அறைக்கு ஒரு குடும்பம் தேய்வதை, நாற்பது அறை வீட்டு முகப்பில் உட்கார்ந்து பார்த்தேன். சங்கடமாகத்தான் இருந்தது.

ராம் எடுத்த 'பறந்து போ' நேர் எதிர். தவணை கட்டவே ஓடுகிற அப்பா அம்மா, ஃபிளாட்டில் பூட்டிவைக்கப்பட்ட பையன், பைக்கில் ஒரு ஊர்சுற்றல். மிர்ச்சி சிவாவை இப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பேரன் வந்தால் கட்டாயம் காட்டு. பாட்டு கொஞ்சம் அதிகம், அதற்கு நீ காபி போடப் போகலாம்.

ஏவி.எம். ஸ்டூடியோ நம்மூர்ப் பக்கம் இருந்ததா என்று நீ கேட்டிருந்த விஷயம். ஆமாம், தேவகோட்டை ரஸ்தாதான். நாற்பதுகளில் மெய்யப்ப செட்டியார் இங்கே வந்து வாடகை இடத்தில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்னாலேயே 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' என்று பட்டம்மாளைப் பாடவைத்துவிட்டார்கள், என்ன துணிச்சல்! அடுத்த வருஷமே மெட்ராஸுக்குப் போய்விட்டார்கள். கோடம்பாக்கத்துக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஸ்டூடியோவையே அனுப்பிய ஊர் நம்மூர் என்று உன் கோயம்புத்தூர் நண்பர்களிடம் சொல்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் கடிதத்தை வளர்த்தேன். உங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், தெற்குப் பக்கம் ஓடு சரிந்துவிட்டது. பங்குக்கு இவ்வளவு என்று உன் அண்ணன் கணக்குப் போட்டு எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். உன்னிடமிருந்து மட்டும் பதிலே இல்லை என்று என்னிடம் வந்து சொல்கிறார். படம் இழுவை என்று இரண்டரைப் பக்கம் எழுத நேரம் இருக்கிறதல்லவா? கார்த்திகை மழைக்கு முன்னால் பணத்தை அனுப்பு. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
லெட்சுமணன்