வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் இந்த ஆண்டு படித்ததைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய அரச குடும்பங்கள் என்று தலைப்பு முடிவானபோது பலரும் மகாராணிகளைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆண்டு முழுக்க நம்மை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் மனைவி சோபி. 1914இல் சரயேவோவில் கணவரோடு சுடப்பட்டவர் என்று பள்ளியில் ஒரு வரி படித்திருப்போம், சிலருக்கு அதுவும் கிடையாது.

1868இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். அவர் பிறந்த கோடெக் குடும்பம் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) பழைய பிரபு வம்சம்தான், ஆனாலும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வீட்டில் வாழ்க்கைப்பட அந்த அந்தஸ்து போதாது என்பது வியன்னாவின் கணக்கு. இளவரசி இசபெல்லாவிடம் தோழிப் பெண்ணாக இருந்தார். பட்டத்து இளவரசர் அடிக்கடி வந்துபோவதைப் பார்த்து, தன் மகளுக்காகத்தான் வருகிறார் என்று இசபெல்லா நினைத்துக்கொண்டிருக்க, இளவரசர் டென்னிஸ் மைதானத்தில் மறந்துவிட்டுப்போன கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே சோபியின் படம் என்று ஒரு கதை சொல்வார்கள்.

சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் கடைசியில் இறங்கிவந்தார், ஆனால் சும்மா இல்லை. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை இல்லை என்று 1900 ஜூன் 28 அன்று இளவரசர் அரண்மனையில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஜூலை 1 கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பிகள்கூட எட்டிப்பார்க்கவில்லை, சிற்றன்னையும் அவருடைய இரண்டு பெண்களும்தான் வந்தார்கள். அப்புறம் அரண்மனை விருந்தென்றால் கணவர் முன்னால் போவார், இவர் குடும்பத்துச் சின்னப் பெண்களுக்கும் பின்னால் வரவேண்டும். சரயேவோவுக்கு இளவரசர் படைத் தளபதி என்ற முறையில் போனதால்தான் காரில் பக்கத்தில் உட்கார முடிந்தது, அன்றும் ஜூன் 28. தெரிந்தே ஒரு பெண்ணை இப்படி அவமானத்தில் நிறுத்தியது காதலா, சுயநலமா என்று அன்றைய கூட்டத்தில் நடந்த சண்டையில் டீ ஆறிப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் சோபி பக்கம், அதாவது அவருக்கும் இதெல்லாம் தெரிந்துதான் சம்மதித்தார் என்ற பக்கம்.

செத்த பிறகும் விடவில்லை. தேவாலயத்தில் அவருடைய பெட்டி கணவர் பெட்டியைவிடத் தாழ்வாக வைக்கப்பட்டது, மேலே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும் ஒரு விசிறியும், பழைய தோழிப் பெண் வேலையின் அடையாளமாக. வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் கல்லறையில் மனைவிக்கு இடம் தரமாட்டார்கள் என்று தெரிந்து, இளவரசர் முன்கூட்டியே ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டையில் இருவருக்கும் இடம் ஏற்பாடு செய்திருந்தார்.

பிள்ளைகள் கதைக்கு ஒரே ஒரு கூட்டம்தான் கிடைத்தது, எனக்கு அது குறைதான். மகள் சோபி, மகன்கள் மாக்ஸிமிலியன், எர்ன்ஸ்ட் மூவரும் பெரியம்மா, சித்தி உறவில் வளர்ந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் புதிய செக்கோஸ்லோவாக்கிய அரசு குடும்ப வீடான கோனோபிஷ்டே கோட்டையை எடுத்துக்கொண்டு அவர்களை வெளியே அனுப்பியது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டதை எதிர்த்த மகன்கள் இருவரையும் நாஜிகள் டாகாவ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். இருவரும் உயிரோடு திரும்பினார்கள், மாக்ஸிமிலியன் பின்னாளில் ஆர்ட்ஸ்டெட்டன் ஊரின் மேயராகவும் ஆனார். மகள் சோபி 1990 வரை இருந்தார்.

அடுத்த ஆண்டு மரியா தெரசாவா, இல்லை ஐரோப்பாவை விட்டே வெளியே வருவதா என்று இன்றைக்கே கை தூக்கி முடிவு செய்துவிடலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும், புத்தகம் வைத்திருப்பவர்களும்தான்.