குடியத்துக் கல் குடியத்திலேயே கிடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைக்குப் போய்வந்த அனுபவத்தைப் போன இதழில் ஒருவர் எழுதியிருந்தார். பூண்டி ஏரியிலிருந்து போகிற வழி, பாறையில் தொங்கும் தேன்கூடு, உள்ளே இருக்கும் அம்மன் எல்லாம் அருமை. ஆனால் "ஓவியம் ஒன்றும் இல்லை, சீக்கிரம் திரும்பிவிடலாம்" என்ற வரியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அங்கே காலடியில் கிடக்கும், ஆதி மனிதர் கருவியாகச் செதுக்கிய கற்கள்தான் விஷயமே.

1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்த ஆங்கிலேயப் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சுற்றிய பகுதி அது. மத்தியத் தொல்லியல் துறை 1962-64-இல் அங்கே அகழாய்வு செய்து பழைய கற்காலக் கருவிகளை எடுத்தது. இப்போது அந்தக் குகை மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது.

போன மாதம் இங்கே பெங்களூரில், எங்கள் குடியிருப்பில் மேல்மாடிக்காரர் வீட்டு ஷோகேஸில் ஒரு கல்லைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் கூர், மறுபக்கம் ஆற்றில் உருண்ட வழவழப்பு அப்படியே இருக்கிறது, ஓரம் முழுக்கச் சில்லு சில்லாகப் பெயர்த்த தடம். கையில் எடுத்தால் கட்டைவிரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்காருகிறது. "குடியம் போனப்போ ஞாபகத்துக்கு எடுத்துட்டு வந்தேங்க" என்றார், ரொம்ப நல்ல மனுஷர், அது தப்பு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

எந்த மண்ணில், எந்த அடுக்கில், பக்கத்தில் எதோடு கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கல் ஊமையாகிவிடும். பக்கத்து அதிரம்பாக்கத்தில் ஒரு தொகுதிக் கருவிகளின் வயது சுமார் 3,85,000 ஆண்டுகள் என்று 2018-இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் சொன்னார்களே, அதைக் கருவிகள் புதைந்திருந்த மண்ணைச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். நாம் பையில் போட்டுக்கொண்டு வருகிற கல்லோடு அந்த மண் வராது.

அதனால் ஒரு வேண்டுகோள். இனி இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதும்போது, கல்லைத் தொட்டுப் பாருங்கள், போட்டோ எடுங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்று ஒரு வரி கட்டம் கட்டிப் போடுங்கள். பாறையில் பெயர் கிறுக்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதற்குச் சிறைத் தண்டனையே உண்டு.

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. மேல்மாடிக்காரரிடம் பேசினேன், அடுத்து சென்னை போகும்போது கல்லை அங்கே கொண்டுபோய் ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, அல்சூர், பெங்களூரு